சர்ச்சை நாடகத்தைப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடகத்தைப் படமாக்க உட்காரும் யாருக்கும் முதலில் தோன்றுவது, 'நாலு சுவருக்குள்ளேயே கதை நடக்கிறதே, கொஞ்சம் வெளியே கொண்டுபோகலாமே' என்பதுதான். இயக்குநர் எலியா கஸானுக்கும் அப்படித்தான் தோன்றியது. டென்னசி வில்லியம்ஸின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' நாடகத்தை 1947-இல் பிராட்வேயில் இயக்கியவரே அவர்தான். வார்னர் பிரதர்ஸ் அதைப் படமாக்கியபோது, கதையின் நாயகி பிளாஞ்ச் தன் தங்கை ஸ்டெல்லா, அவள் கணவன் ஸ்டான்லி வீட்டில் தங்க நியூ ஆர்லியன்ஸ் வருவதற்கு முந்தைய வாழ்க்கையைக் காட்சிகளாக விரித்து எழுத வைத்துப் பார்த்தார். பிறகு அதைத் தூக்கிப் போட்டார். தங்கை வீட்டின் இரண்டு சின்ன அறைகளில் அவள் மாட்டிக்கொண்டதில்தான் நாடகத்தின் பலமே இருக்கிறது என்று பட்டுவிட்டது. செட்டின் சுவர்களையும் நகர்த்தும்படி செய்து, கதை போகப்போக அறையைச் சுருக்கினார். பௌலிங் கூடம், ஏரிக்கரை என்று வெளிக்காட்சிகள் படத்தில் உண்டு. ஆனால் கேமரா சீக்கிரம் வீடு திரும்பிவிடுகிறது.

அடுத்த தவறு, வம்பான சொல்தான் நாடகத்தின் காரம் என்று நினைப்பது. நாடகத்திலிருந்து எடுத்த 'தி மூன் இஸ் ப்ளூ' படம் 1953-இல் ஹாலிவுட்டின் தணிக்கை முத்திரை இல்லாமலே வெளிவந்தது. 'கன்னி' என்ற சொல் வசனத்தில் வந்ததற்கே ரகளை. இன்று பார்த்தால் சாதாரண காதல் நகைச்சுவை. சொல்லோடு போன காரம் அது.

எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஓட்டையாக விடுவது இன்னும் மோசம். நாடகத்தில் பிளாஞ்சின் இளம் கணவன் இன்னொரு ஆணுடன் இருப்பதை அவள் பார்த்துவிடுகிறாள். அதன் பிறகே அவன் சுட்டுக்கொண்டு சாகிறான். ஹாலிவுட்டின் அன்றைய தணிக்கை விதிகள் அதை அனுமதிக்கவில்லை. படத்தில் அவன் கவிதை எழுதும் பலவீனமான பையன், அவ்வளவுதான். இதற்கா செத்தான் என்று கேட்கத் தோன்றும். பிளாஞ்சாக நடித்த விவியன் லீயின் முகம்தான் அந்தக் காட்சியைக் காப்பாற்றுகிறது. நாடகாசிரியர் லில்லியன் ஹெல்மன் இதே சிக்கலை வேறு மாதிரி கையாண்டார். அவருடைய 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்' நாடகத்தில், இரண்டு ஆசிரியைகளுக்குள் உறவு என்று ஒரு சிறுமி பொய் சொல்வாள். 1936-இல் 'தீஸ் த்ரீ' படத்துக்கு அவரே திரைக்கதை எழுதியபோது, ஓர் ஆசிரியைக்கும் மற்றவளின் வருங்காலக் கணவனுக்கும் தொடர்பு என்று பொய்யை மாற்றினார். நாடகத்தின் பெயரைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. ஆனாலும் ஒரு பொய் மூன்று பேரை அழிக்கும் கதை அப்படியே நிற்கிறது. 1961-இல் நாடகத்தின் கதையோடே வந்த படத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

படப்பிடிப்பு முடிந்ததும் நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். 'ஸ்ட்ரீட்கார்' படத்துக்குக் கத்தோலிக்க அமைப்பான 'லீஜன் ஆஃப் டீசன்சி' கண்டன முத்திரை குத்துவோம் என்று மிரட்ட, வார்னர் நிறுவனம் கஸானிடம் சொல்லாமலே சுமார் நான்கு நிமிடங்களை வெட்டியது. வெட்டுப்பட்டதில் முக்கியமானது மாடிப்படிக் காட்சி. சீட்டாட்ட இரவில் ஸ்டான்லி அடிக்க, ஸ்டெல்லா மாடி வீட்டுக்கு ஓடுகிறாள். அவன் கீழே நின்று கத்த, மெதுவாகப் படியிறங்கி வருகிறாள். முகத்தில் மன்னிப்பைவிட ஆசைதான் அதிகம். அவள் முகத்தின் க்ளோஸ்-அப்களை நீக்கிவிட்டு இசையையும் மாற்றினார்கள்.

இது முடிவையும் பாதித்தது. பிளாஞ்சைப் பலாத்காரம் செய்த ஸ்டான்லிக்குத் தண்டனை வேண்டும் என்பது விதி. அதனால் நாடகத்தில் அவன் அணைப்பில் அழும் ஸ்டெல்லா, படத்தில் 'இனி அங்கே போகமாட்டோம்' என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஓடுவது எங்கே? அதே மாடி வீட்டுக்கு. கீழே அதே கத்தல். 1951-இல் பார்த்தவர்கள், சரி, விட்டுப் போய்விட்டாள் என்று நம்பியிருக்கலாம். வெட்டியதைச் சேர்த்து 1993-இல் வந்த பிரதியைப் பார்ப்பவர்கள் அவ்வளவு எளிதில் நம்பமாட்டார்கள்.