பழைய மிதவைப் படகைச் சீரமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் போய் வலை விட்டவர். முழங்கால் தேய்ந்த பிறகு பரிசலுக்குள் காலை மடக்கி உட்கார அவரால் முடியவில்லை. நாற்காலி போட்டு உட்காரும்படி தட்டையான தளம் உள்ள படகு ஒன்று இருந்தால் அவர் இன்னும் சில காலம் தண்ணீருக்குப் போய்வரலாம் என்ற எண்ணத்தில்தான், வெளியூர் ஏரி ஒன்றில் பயணிகளை ஏற்றி ஓய்ந்து, சேலம் செவ்வாய்ப்பேட்டையின் பழைய இரும்புக் கடை வரை வந்துவிட்ட அலுமினிய மிதவைப் படகு ஒன்றை நானும் என் மச்சானும் விலை பேசி வாங்கினோம். இரண்டு நீண்ட உருளைக் குழாய்கள், அவற்றின் குறுக்கே சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகைத்தளம் என்ற மிக எளிய அமைப்புத்தான் இவ்வகைப் படகு. அந்த எளிமையை நம்பி நாங்கள் செய்த தவறுகளையும், செய்யப்போய்த் தடுக்கப்பட்ட தவறுகளையும், இதே வேலையில் இறங்க நினைக்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியும் பகுதியிலிருந்து வேலையைத் தொடங்குவதுதான் முதல் தவறு. மட்கிய பலகையும் கிழிந்த இருக்கையும் துருவேறிய கைப்பிடியும் முதலில் கண்ணில் படுவதால் பணமும் உற்சாகமும் முதலில் அங்கேதான் போகின்றன. நாங்களும் இருக்கைகளுக்கு ரெக்சின் பார்க்கக் கடைக்குக் கிளம்பிவிட்டோம். "மொதல்ல கொழாயப் பாருங்கடா, பலக ஓடியா போயிடும்?" என்று அப்பா தடுத்தார். அவர் சொன்னபடி குழாயின் அடிப்பக்க மூடியைத் திருகிக் கழற்றியபோது, வெளியே எந்த ஓட்டையும் தெரியாத இடப்பக்கக் குழாயிலிருந்து ஏறத்தாழ மூன்று வாளித் தண்ணீர் வடிந்தது.

குழாயின் தாங்குதிறனைக் கணக்கிடாமல் படகைத் திட்டமிடுவது அதனுடன் சேர்ந்தே வரும் தவறாகும். எங்கள் குழாய்கள் 20 அங்குல விட்டமும் 5 மீட்டர் நீளமும் கொண்டவை. அப்படியானால் ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 1,000 லிட்டர். முழுவதும் மூழ்கும் நிலையில் இரண்டும் சேர்ந்து 2,000 கிலோவைத் தாங்கும். ஆனால் பாதிக் குழாய் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்பதால், படகின் சொந்த எடையையும் சேர்த்து 1,000 கிலோவுக்குள்தான் நாம் நிற்க வேண்டும். குழாய், சட்டம், பலகை, இயந்திரம் எல்லாம் சேர்ந்து 450 கிலோ ஆகிவிட்டால், ஆட்களுக்கும் வலைக்கும் மீனுக்கும் எஞ்சுவது 550 கிலோ மட்டுமே. இந்தக் கணக்கில், குழாய்க்குள் தெரியாமல் தேங்கிய 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ எடையைத் தின்றுவிடுகிறது. அதுவும் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சாய்வை மேலும் கூட்டுகிற எடை அது.

ஆகவே ஒழுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும் ஆபத்துள்ள தவறு இங்கேதான் காத்திருக்கிறது. பஞ்சர் கடையில் இருந்து கம்ப்ரசர் கொண்டுவந்து, டயருக்கு அடிப்பதுபோல் குழாய்க்குள் காற்றை அடித்துப் பார்க்கலாம் என்று பலரும் சொல்வார்கள், எங்களுக்கும் சொன்னார்கள். 5 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு விசை, என்பது டயருக்கு ஒன்றுமே இல்லாத அழுத்தம். ஆனால் குழாயின் முனையை அடைக்கும் 20 அங்குல விட்டமுள்ள மூடித்தகட்டின் மேல் அதே 5 பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 700 கிலோ விசையாக அமர்கிறது. மெல்லிய தகடு உப்பும், பழைய வெல்டிங் பிளக்கும், அருகில் நிற்பவர்மீது மூடி பாயவும் கூடும். 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல், மிதிவண்டிக்கு அடிக்கும் கைப்பம்பால் மட்டுமே நாங்கள் காற்றடித்தோம். டயர் அளவுமானியில் இவ்வளவு சிறிய அழுத்தம் சரியாகத் தெரியாது என்பதால், கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் குழாயை வாங்கி, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, 'ப' எழுத்தைப் போல் சுவரில் வளைத்துக் கட்டி, ஒரு முனையைப் படகின் குழாயோடு இணைத்தோம். இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் இடையே 140 சென்டிமீட்டர் வேறுபாடு வந்தால் அது 2 பி.எஸ்.ஐ. ஆகும். இந்த மட்டக்குழாயின் திறந்த முனையையும் அந்த வேறுபாடு வரும் உயரத்தோடு வெட்டிவிட்டால், அழுத்தம் மிஞ்சும்போது தண்ணீர் தானாக மேலே கொட்டிவிடும் என்பதால் இதுவே ஒரு காவலாகவும் அமைந்துவிடுகிறது.

இச்சோதனையை வெயிலில் செய்யக்கூடாது. சேலத்துக் கோடையில் மூடிய அலுமினியக் குழாயின் உள்ளே இருக்கும் காற்று காலையைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், யாரும் பம்பைத் தொடாமலேயே ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. கூடிவிடும், மாலையில் குளிரும்போது அதே அளவு குறைந்து, இல்லாத ஒழுக்கை இருப்பதாகக் காட்டும். விடியற்காலையில் காற்றடித்து, சோப்புக் கரைசலை வெல்டிங் வரிகளின் மேல் தூரிகையால் பூசி, குமிழி எழும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்வதே சரியான முறை. குழாயின் உட்புறம் தடுப்புத் தகடுகளால் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்பதை மறந்து, ஓர் அறையை மட்டும் சோதித்துவிட்டு முழுக் குழாயும் நலம் என்று முடிவு கட்டுவோரும் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியே சோதனை வேண்டும்.

ஒழுகும் இடத்தின் மேல் எம்-சீல் போன்ற ஓட்டையடைக்கும் மக்கை அப்பி, அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. வெயிலும் குளிருமாக அலுமினியம் விரிந்து சுருங்குவதில் அந்தப் பூச்சு ஒரு நாள் விளிம்பு தூக்கிக்கொள்ளும். அவசரத்துக்குக் கரை சேர அது உதவும், அதற்கு மேல் அதை நம்பக்கூடாது. நிலையான வழி ஆர்கான் வெல்டிங்தான். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் அதன் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால், அந்தப் படலத்தைத் தேய்த்து நீக்காமல் வெல்டிங் வைத்தால் உலோகம் ஒட்டாமல் உருண்டு நிற்கும். நாங்கள் முதலில் அழைத்த வெல்டர் கேட் செய்யும் இரும்பு வேலையில் தேர்ந்தவர். இரும்பைத் தேய்த்த அதே பிரஷ்ஷால் அலுமினியத்தையும் தேய்த்துவிட்டு வெல்டிங் வைத்ததில் ஓர் ஒழுக்கு மூன்றாகியது. அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ் வேண்டும், முன்பு அப்பிய மக்கும், பெயின்ட்டும், கிரீஸும் முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெல்டிங் நடக்கும்போது குழாயின் வடிகால் மூடி திறந்தே இருக்க வேண்டும். உள்ளே தண்ணீர் தேங்கிய குழாயை மூடிவைத்துச் சூடேற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அலுமினியத்தை எங்கள் ஊருக்கு அந்நியமான உலோகம் என்று சொல்ல முடியாது. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூரில் அலுமினியமாக மாறிய காலம் ஒன்று இருந்தது. ஆனாலும் அதன் குணத்தைப் பட்டறைகளைவிட எங்கள் சமையலறைதான் நன்றாக அறிந்திருந்தது. பாசியைப் போக்க என் மச்சான் காஸ்டிக் சோடா வாங்கிவந்தபோது, "சலவச் சோடாப் போட்டாலே அலுமினியக் குண்டான் கறுத்துப் போவுது, இது தின்னே போட்ரும் மாப்ள" என்று அம்மா எச்சரித்தார். உண்மையில் காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவையும் வெளியிடும். ஈரச் சிமென்ட்டும் சுண்ணாம்பும்கூட மெதுவாக இதே அரிப்பைச் செய்யும் என்பதால், குழாயைப் புதிதாகப் பூசிய தரையிலோ வாசலில் அடுக்கிய சிமென்ட் கற்களின் மேலோ மாதக்கணக்கில் கிடத்தி வைக்காமல், மரக்கட்டைகளின் மேல் பழைய டயர் துண்டுகளை வைத்து ஏற்றி வைப்பது நல்லது. செம்பும் அலுமினியத்துக்குப் பகை. செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட்டையும், செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய பலகையையும் இந்தப் படகில் பயன்படுத்தவே கூடாது. ஈரத்தில் அவை அலுமினியத்தைத் தொட்ட இடமெல்லாம் குழி குழியாக அரித்துவிடும்.

பலகைத்தளத்தில் நேரும் தவறு பெரும்பாலும் கடையிலேயே நேர்ந்துவிடுகிறது. 'வாட்டர் புரூஃப்' என்ற சொல்லை மட்டும் கேட்டு வாங்காமல், ஐ.எஸ். 710 என்ற தரமுத்திரை பலகையின் மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் அடுக்கு பிரியாத ஒட்டுதல் அந்தத் தரத்துக்கு உரியது. அப்படிப்பட்ட பலகையும்கூட அறுத்த விளிம்பு வழியாகத் தண்ணீரைக் குடிக்கும். ஆகவே விளிம்புகளிலும் போல்ட் துளைகளின் உட்புறத்திலும் எபாக்சி பூசிய பிறகே அதைப் பொருத்த வேண்டும். மேற்புறத்துக்கு மட்டும் பூசி அடிப்புறத்தை விட்டுவிட்டால், கீழிருந்து ஏறும் ஈரம் மேலே போக வழியில்லாமல் பலகையை உள்ளிருந்தே மட்க வைக்கும். எட்டுக்கு நான்கு அடியுள்ள 19 மில்லிமீட்டர் பலகை ஒன்றின் எடை ஏறத்தாழ 35 கிலோ என்பதால், எடைக்கணக்கில் அதையும் மறவாமல் சேர்க்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று கார்பெட் ஒட்டுவது மீன்பிடிப் படகுக்குப் பொருந்தாது. மீன் செதிலும் ரத்தமும் ஊறி அது நாறும், அடியில் எப்போதும் ஈரம் காத்து வைக்கும்.

குடும்ப வேலை என்பதால் பிள்ளைகளும் உடனிருப்பார்கள். கிரைண்டர் ஓடும் இடத்திலும் தின்னர் திறந்த இடத்திலும் அவர்களை நிற்க விடக்கூடாது. இரும்பை அரைத்த சக்கரத்தால் அலுமினியத்தை அரைத்தால், துருத்தூளும் அலுமினியத் தூளும் கலந்து பொறி பட்டவுடன் கடுமையாக எரியக்கூடும் என்பதைப் பெரியவர்களே பலர் அறிவதில்லை. எங்கள் மகள் பிரிக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் எழுதி, பிரிப்பதற்கு முன் படம் எடுத்து, நோட்டில் குறித்து வைத்தாள். எட்டு மாதம் கழித்துச் சட்டங்களைத் திரும்பப் பூட்டியபோது அந்த நோட்டு இல்லாமல் ஒரு நாளும் வேலை நடக்கவில்லை.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். படகின் பின்விளிம்பில் வெளியே மாட்டும் வெளிப்பொருத்து இயந்திரத்தைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்கக்கூடாது. குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இதழ்கள் தேய்ந்து கருகிவிடும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்கி ஓட்ட வேண்டும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்களை மாற்றிவிடுவதும், டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்காமல் இருப்பதும் அவசியம்.

அனுமதியைக் கடைசிக்குத் தள்ளுவதும் பெருந்தவறு. நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பது உரிமம் பெற்றவர்களுக்கு உரியது. இயந்திரம் பூட்டிய கலத்தைப் பதிவு செய்வது பற்றி 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டமும் பேசுகிறது. அப்பாவிடம் உரிமம் இருந்தும், முதல் ரூபாயைச் செலவிடும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் அணை நிர்வாகத்துக்கும் சென்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் பலகை வாங்கிய பிறகுதான் போனோம்; அந்த இடைவெளியில் பல இரவுகள் கவலையில் கழிந்தன.

முதல் வெள்ளோட்டத்தை ஆட்களோடு தொடங்காதீர்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் வெறும் படகைக் கட்டிவைத்து, குழாயில் நீர்மட்டம் தொடும் இடத்தைப் பெயின்ட்டால் கோடு போட்டு, மறுநாள் காலையில் அந்தக் கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 20 லிட்டர் குடிநீர்க் கேன்களை நிரப்பி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 25 கேன்கள் 500 கிலோ ஆகும். அவற்றை ஒரே பக்கம் நகர்த்தி, படகு எவ்வளவு சாய்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் வலையில் பெரிய கட்லா மீன் மாட்டினால் படகில் உள்ள அனைவரும் அந்தப் பக்கம்தான் ஓடுவார்கள். ஆடிக்காற்றில் மேற்கூரை பாய்மரம்போல் காற்றை வாங்கும் என்பதால் நாங்கள் அதைக் கழற்றி மடக்கும்படி அமைத்தோம். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் காலங்களில் நீர்த்தேக்கத்துப் பண்ணவாடியில், மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி சிலை வெளியே தெரியும். அந்த நாட்களில் கண்ணுக்குத் தெரியாத பாறைகளும் கட்டுமானங்களும் குழாயின் அடிக்கு மிக அருகில் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, மெதுவாகச் செல்ல வேண்டும். உயிர்காப்பு உடை நீந்தத் தெரிந்தவருக்கும் கட்டாயம்.

எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்த நாளில் அப்பா தளத்தின் விளிம்பைச் சுற்றிலும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். பயணிகள் படகில் எவருக்கும் தொந்தரவு தராத போல்ட் முனைகள் பதினேழு இடங்களில் நீட்டிக்கொண்டிருந்தன. நைலான் வலை இழுபடும்போது அவை ஒவ்வொன்றும் கண்ணியைக் கொத்திக் கிழிக்கும். அவற்றை அறுத்து, முனை மழுக்கி, குமிழ் நட்டுகளால் மூடினோம். வலை விடும் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியை ஓரிடத்தில் மட்டும் நாற்காலியின் உயரத்துக்கு இறக்கித் தரும்படி அவர் கேட்டார், அதையும் செய்தோம்.