எதிரயனிச் சோதனையில் இல்லாததை இருப்பதாக எழுதாதீர்கள்

செய்முறைத் தேர்வுக்கு உப்புப் பகுப்பாய்வு, அதாவது ஓர் உப்பில் உள்ள அயனிகளைக் கண்டறிவது, பழகும் வடசென்னை மாணவர்கள் முதலில் தவிர்க்க வேண்டியது, உப்பில் இல்லாத குளோரைடு என்ற எதிரயனியை (எதிர்மின்சுமை கொண்ட அயனியை) இருப்பதாக எழுதும் தவறு. திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. அந்த உவர்ப்புக்கு முக்கியக் காரணமே குளோரைடு. குடிக்க உகந்த குழாய்நீரிலும் அது ஓரளவு உண்டு. ஆகவே சோதனைக் குழாயைக் குழாய்நீரில் அலசி அப்படியே பயன்படுத்தினால், உள்ளே ஒட்டியுள்ள துளிகளே, குளோரைடைக் கண்டறியச் சேர்க்கும் சில்வர் நைட்ரேட்டுடன் சேர்ந்து வெண்மையாகக் கலங்கிவிடும். கடைசி அலசலுக்கு வாலைவடிநீரையே பயன்படுத்துங்கள். உப்பைச் சேர்க்காமல், மற்ற வினைபொருள்களை மட்டும் அதே அளவில் கலந்து ஒரு வெற்றுச் சோதனையும் செய்யுங்கள். அது தெளிவாக இருந்து, உப்புள்ள குழாயில் மட்டும் தயிர்போன்ற வீழ்படிவு வந்தால்தான் குளோரைடு உப்பிலிருந்து வந்தது என்று துணிந்து எழுதலாம்.

அடுத்த தவறு சோடியம் கார்பனேட் சாற்றில், அதாவது உப்பைச் சோடியம் கார்பனேட்டுடன் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டிய கரைசலில், நேர்கிறது. சாற்றில் கார்பனேட் மிகுதியாக இருப்பதால், அமிலம் சேர்க்காமல் சில்வர் நைட்ரேட்டையோ, சல்பேட்டைக் கண்டறியும் பேரியம் குளோரைடையோ ஊற்றினால் அந்தக் கார்பனேட்டே வீழ்படிவாகும். எந்த அயனியைத் தேடுகிறோமோ அதைத் தரும் அமிலத்தைத் தொடவே கூடாது. ஹாலைடுகளுக்கு (குளோரைடு, புரோமைடு, அயோடைடு) நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும், சல்பேட்டுக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பயன்படுத்துங்கள். பொங்குவது முற்றிலும் நின்று, நீல லிட்மஸ் சிவக்கும்வரை சேர்க்க வேண்டும். குளோரைடா, புரோமைடா என்பதை நிறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்வதும் சரியல்ல. வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர்த்துப் பாருங்கள்: சில்வர் குளோரைடு முழுதும் கரையும், புரோமைடு சிறிதே கரையும், அயோடைடு கரையாது.

கார்பனேட்டை மட்டும் சாற்றில் தேடக் கூடாது, மூல உப்பில்தான் தேட வேண்டும்; காரணம் சொல்லத் தேவையில்லை.

நைட்ரேட்டைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையில் பொறுமை மிக முக்கியம். இதில் உப்புக் கரைசலுடன் சேர்க்கும் பெரஸ் சல்பேட் கரைசல் நாள்பட்டிருந்தால் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும் என்பதால், அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தை உட்சுவரோடு சொட்டுச்சொட்டாக வழியவிட்டால் அது அடியில் தங்கி, இரு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் வளையம் தோன்றும். குலுக்கினால் சூடேறி வளையம் மறைந்துவிடும். வளையம் தெரிந்தவுடன் நைட்ரேட் என்று எழுதிவிடவும் வேண்டாம். நைட்ரைட்டும் பழுப்பு நிறம் தரும். புரோமைடும் அயோடைடும் அடர் அமிலத்தில் புரோமினையும் அயோடினையும் வெளிவிட்டு அதேபோல் ஏமாற்றும். நீர்த்த கந்தக அமிலத்திலேயே உப்பு பழுப்பு வாயுவை வெளியிட்டால் நைட்ரைட் இருப்பதாகக் கொண்டு, யூரியாவும் நீர்த்த கந்தக அமிலமும் சேர்த்துக் கொதிக்கவைத்து அதை நீக்கிய பின்னரே வளையச் சோதனைக்குச் செல்ல வேண்டும்.