ஓடிய கிலோமீற்றரும் கிடைக்காத மொடலும்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை பார்ப்பது எப்படி

"வெறும் 18,000 கிலோமீற்றர்தான் ஓடியது, நாட்டிலேயே இரண்டோ மூன்றோதான் இருக்கிறது." கொழும்பில் விலைக்கு வரும் எந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கேட்டாலும் தரகர் இந்த இரண்டு வசனத்தைத்தான் முதலில் சொல்வார், விலையில் பல இலட்சம் ஏறுவதும் இவற்றால்தான். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன் காசு அனுப்ப, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்து கார் பார்க்கப் போகும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். இரண்டு கதையையும் தனித்தனியாகப் பிடித்து விசாரியுங்கள்.

முதலில் மீற்றர். அதில் இருக்கும் இலக்கத்தைக் காரின் வயதால் பிரியுங்கள். பத்து வருடக் கார் 18,000 காட்டினால் மாதத்துக்கு 150 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போய் வந்தாலே அதில் பெரும்பகுதி முடிந்துவிடும். சனி, ஞாயிறு மட்டும் வெளியே எடுத்த காராக இருந்தால் நடக்கக்கூடியதுதான், ஆனால் அதைக் கார் தானே சொல்ல வேண்டும். சாரதி இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பைப் பாருங்கள், ஸ்ரியரிங் தோலைத் தடவிப் பாருங்கள், பிரேக் பெடல் இறப்பர் மழுமழுவென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். 18,000 ஓடிய காரில் அப்படித் தேயாது. இப்போதைய டிஜிற்றல் மீற்றரை ஒரு லப்டொப்பை வைத்தே மாற்றிவிடுகிறார்கள், அதனால் மீற்றரை விட இறப்பரை நம்புங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பத்து வருடக் காரில் முதல் டயரே இன்னும் இருந்தால் மீற்றர் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் நாலு டயரையும் கழற்றி எறிய வேண்டும், அந்தக் காசை விலையில் கழியுங்கள். சேர்விஸ் புத்தகம் இருந்தால் திகதியும் கிலோமீற்றரும் ஒழுங்காக ஏறிவருகிறதா என்று வடிவாகப் பாருங்கள். லண்டனில் இருக்கும் சொந்தம் அங்கேயே கார் வாங்கினால் வேலை இன்னும் சுகம்: வருடாந்தப் பரிசோதனையில் பதிந்த மைல் கணக்கை, நம்பர் பிளேட்டை மட்டும் வைத்து அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

குறைவாக ஓடிய கார் என்றால் நல்ல கார் என்று முடிவு கட்டுவதுதான் பெரிய ஆபத்து. எஞ்சின் பெல்ற், பெற்றோல் குழாய், ஒயில் சீல் எல்லாம் ஓடாமலே வயது போகிறவை. ஃபெராரி எஃப்355இல் ரைமிங் பெல்ற் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். அந்த பெல்ற்றை மாற்றச் சொல்வது வருடக் கணக்கில், ஓடாமல் நின்றதென்று விட முடியாது. கொழும்புப் பக்கம் விலைக்கு வருகிற மாஸ்டா ஆர்எக்ஸ்-8ஐ எடுங்கள். பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி சுற்றும் அதன் ரோட்டரி எஞ்சினைப் பொறுத்தவரை மீற்றர் இரண்டாம் பட்சம், கொம்ப்ரஷன், அதாவது எஞ்சின் உள்ளே காற்றை அழுத்தும் பலம்தான் விலை. பக்கத்துக் கடைக்கு மட்டும் எடுத்து, சூடாக முதலே நிறுத்தி நிறுத்திப் பழக்கிய 40,000 கிலோமீற்றர்க் காரை விட, நீட்டுக்கு ஓடி ஒழுங்காக ஒயில் விட்ட 90,000 கிலோமீற்றர்க் கார் நல்லதாக இருக்கலாம். ரோட்டரிக்கென்றே இருக்கும் கருவியால் கொம்ப்ரஷன் பார்க்காமல் அந்தக் காருக்கு விலை சொல்லாதீர்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் மாதக் கணக்கில் கொட்டகைக்குள் நின்ற கார்களும் உண்டு, எலி வயர் கடித்திருக்கிறதா என்று பொனற்றைத் திறந்து பார்ப்பது நம் பக்கத்தில் கட்டாயம்.

சரி, மீற்றர் விலையை எவ்வளவு அசைக்கும்? அது காரைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கில் செய்த போர்ஷே பொக்ஸ்ரர், பிஎம்டபிள்யூ இசட்4 போன்றவற்றில் கிலோமீற்றர் ஏற ஏற விலை படிப்படியாக இறங்கும், நல்ல சேர்விஸ் கணக்கு அந்த இறக்கத்தைக் கொஞ்சம் தாங்கும். சேகரிப்பாளர்கள் வாங்கும் கார்களில் கதை வேறு. மக்லாரன் எஃப்1 மொத்தம் 106தான் செய்தார்கள். அதில் 400 கிலோமீற்றர்கூட ஓடாத ஒன்று 2021இல் அமெரிக்காவில் 2 கோடி டொலருக்கு மேல் போனது. ஆனால் 36 மட்டுமே செய்த ஃபெராரி 250 ஜிரிஓ ஒன்று 2018இல் 4 கோடி 84 இலட்சம் டொலருக்கு ஏலம் போனபோது யாரும் மீற்றரைப் பார்த்து விலை கேட்கவில்லை. அது பந்தயத்தில் ஓடி வென்ற கார், அந்த ஓட்டம்தான் அதன் மதிப்பு.

இனி அரிது என்ற கதை. குறைவாக இருப்பது ஒன்று, தேடுகிற ஆள் இருப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் விலை. 2016இல் போர்ஷே 911 ஆர் என்று 991 கார் மட்டும் செய்தது, கையால் கியர் மாற்றுவது, உடனேயே புதுவிலையின் பல மடங்குக்குக் கைமாறின. அடுத்த வருடமே போர்ஷேயின் இன்னொரு 911ஆன ஜிரி3யிலும் கை கியர் வந்தது, 911 ஆர் விலை இறங்கியது. 991 என்ற எண்ணிக்கை மாறவில்லை, அதற்குப் பதிலாக வாங்க இன்னொன்று வந்துவிட்டது, அவ்வளவுதான். நம் நாட்டிலும் இதைப் பார்த்தோம்: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் ஓடித் தேய்ந்த கார்கூட வாங்கிய விலையை விடக் கூடப் போனது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள். ஆகவே "நாட்டில் இல்லாத கார்" என்றால், கதவு பூட்டியதால் இல்லாததா, உலகத்திலேயே இல்லாததா என்று கேளுங்கள். முதலாவதற்கு அதிக காசு கொடுக்காதீர்கள்.

ஒரே மொடலுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஃபெராரி எஃப்430இல் கை கியர் உள்ள கார், மற்ற கியர் உள்ளதை விட நன்றாகவே கூட விலை போகும். விசித்திர நிறமோ, யாரும் விரும்பாத கியர்பெட்டியோ அரிதாக இருந்தால் அது விற்க முடியாத அரிது. வன்னியில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது: அரிய காரின் சாமான் இங்கே கிடைக்காது, பழுதென்றால் கொழும்புக்கு ஏற்றி அனுப்ப வேண்டும், கிளிநொச்சியிலிருந்து அது 300 கிலோமீற்றருக்கு மேல். கிரவல் வீதியில் அடி தட்டுகிற காரென்றால் அந்தச் செலவு அடிக்கடி வரும்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் காரில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். அரிய காருக்கு இது இன்னும் முக்கியம், எஞ்சின் மாறியிருந்தால் அரிது என்பதற்குக் கேட்கும் கூடுதல் காசில் பெரும்பகுதி போய்விடும். போர்க்காலத்தில் பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின் ஏ40 கார்களை இன்றைக்கும் அன்போடு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

விலை பேசும்போது, அதே மொடலில் நடுத்தரமாக ஓடிய மூன்று நான்கு கார் என்ன விலைக்கு உண்மையில் விற்றது என்று முதலில் விசாரியுங்கள், விளம்பர விலையை எடுக்காதீர்கள். குறைந்த மீற்றருக்கு ஆதாரம் இருந்தால் மட்டும் அதில் கூட்டுங்கள். பிறகு டயர், பெல்ற், பற்றரி என்று உடனே செய்ய வேண்டிய வேலைகளுக்கு கராஜில் எழுத்தில் விலை எடுத்து முழுவதையும் கழியுங்கள். காரைத் தூக்கி அடியைப் பார்க்க விற்பவர் விடமாட்டேன் என்றால், விலையைப் பற்றிக் கதைக்காமலே திரும்பி வாருங்கள்.