அப்பா உள்ளே, நாம் வெளியே: தொற்றுக் காலத்தில் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மனதைக் காப்பது எப்படி

நம் ஊரில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மற்றவர்களுக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார், ஒருவர் ஃபிளாஸ்க்கும் தூக்குவாளியுமாக வீட்டுக்கும் வார்டுக்கும் நடப்பார், சித்தப்பாவோ மாமாவோ வராந்தாவில் நின்று பார்க்க வருகிறவர்களுக்கு விவரம் சொல்வார், ராத்திரி தங்க ஒரு ஆள், காலையில் மாற்றிவிட ஒரு ஆள். பயம் இருக்கும்தான், ஆனால் கை சும்மா இருக்காது. கொரோனா நம்மிடமிருந்து பறித்தது இந்த வேலைகளைத்தான். ஆம்புலன்ஸ் கதவு மூடியதும் அப்பா உள்ளே, நாம் வெளியே. பல வீடுகளில் வெளியே இருப்பவருக்கும் தொற்று, அதனால் வாசல்படியைத் தாண்டவும் வழியில்லை.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று உறுதியானது, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் படுக்கை கிடைக்கும்வரை நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன, எல்லார் போனிலும் ‘எங்காவது ஆக்சிஜன் பெட் இருக்கா’ என்ற அதே கேள்வி. அப்படி ஒரு காலம் இன்னொரு முறை வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. வந்தால் ‘தைரியமா இருங்க’ என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பறிபோன வேலைகளுக்குப் பதிலாகக் கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நான் சொல்லப்போவது.

முதலில் போன்

ஆஸ்பத்திரியோடு பேச ஒரே ஆள். யார் என்பதை அட்மிஷன் போடும்போதே முடிவு செய்து, அவருடைய எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூத்த மகன் என்பதற்காக அவரிடம் கொடுக்க வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி குறித்துக்கொள்ளக் கூடியவர், நடுவில் அழுகை வந்தாலும் போனை வைக்காமல் முழுதாகக் கேட்கக் கூடியவர், அது சின்ன மருமகளாக இருந்தாலும் சரி.

சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல இன்னொரு ஆள். இந்த இரண்டையும் ஒருவரே செய்யக் கூடாது, ஏனென்றால் ‘இப்ப எப்படி இருக்கார்’ என்று கேட்பவர்கள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அந்த ஐசியூ வாசல்வரை மனது போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. வாட்ஸ்ஆப்பில் தனியாக ஒரு குழு, ராத்திரி எட்டு மணிக்கு ஒரே குறிப்பு, அட்மின் மட்டும் எழுதலாம் என்று செட்டிங்கை மாற்றிவிடுங்கள். மதுரை அத்தை கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம். கபசுரக் குடிநீர் ஃபார்வர்டும், பக்கத்துத் தெருவில் இதே வயதில் ஒருவர் போய்விட்ட கதையும் உள்ளே வராமல் இருப்பது கூடுதல் லாபம்.

டாக்டர் எப்போது கூப்பிடுவார் என்பது உங்கள் கையில் இல்லை, இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த நேரத்தில் ‘பயப்பட ஒண்ணும் இல்லையே டாக்டர்?’ என்று கேட்டால் அவரும் ஏதோ ஆறுதல் சொல்லி வைத்துவிடுவார், அடுத்த நிமிடமே அந்த ஆறுதல் கரைந்துவிடும். அதற்குப் பதில் ஒரு தாளில் கேள்விகளை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். நேற்றைவிட இன்று ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறதா, குறைவாகவா? மாஸ்க்கில் கொடுக்கிறீர்களா, ஹை ஃப்ளோவா (மூக்குக் குழாய் வழியே வேகமாகத் தரும் ஆக்சிஜன்), பைபாப்பா (இறுக்கமான மாஸ்க்கில் காற்றை அழுத்தித் தரும் மெஷின்), வென்டிலேட்டரா? நினைவாக இருக்கிறாரா, ஏதாவது சாப்பிட்டாரா? நாளைவரை எதைக் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் அன்று ராத்திரிக்குப் பிடிமானம், ஏனென்றால் அடுத்து என்ன வரலாம் என்பது ஓரளவு தெரிந்துவிட்டால் மனது தானாக ஆயிரம் கதை கட்டாது.

இன்னொன்று. அறிகுறி தொடங்கிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கொரோனாவில் நோய் கடுமையாகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள்தான் மூச்சுத் திணறல் தொடங்கும். இது தெரியாத வீட்டில் ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் கேசரி கிண்டிவிடுகிறார்கள், எட்டாம் நாள் இடி விழுந்தாற்போல் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆக்சிமீட்டரோடு மல்லுக்கட்டாதீர்கள்

வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் கட்டத்தில் மனதை அதிகம் படுத்துவது, விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அந்தச் சின்ன ஆக்சிமீட்டர்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அம்மாவின் விரலில் மாட்டுவது, 96 வந்தால் நாம் மூச்சு விடுவது, 93 வந்தால் வேறு விரலில், அப்புறம் நம் விரலில், அப்புறம் பேட்டரியைக் கழற்றி மாட்டி மறுபடியும் அம்மா விரலில்... நம் முகத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி மூச்சு போய்விடும். மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலாகப் பாருங்கள், கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள், கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்து, மாட்டிய பிறகு எண் ஆடி அடங்கும்வரை ஒரு நிமிடம் பொறுங்கள். அதன் பக்குவம் அவ்வளவுதான். காலை, மதியம், மாலை, படுக்கும்முன் என்று வைத்துக்கொண்டு நோட்டில் எழுதி மூடிவிடுங்கள். எண் 94-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே கிளம்ப வேண்டும் என்பதையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். நடுராத்திரியில் ‘போலாமா, விடியட்டுமா’ என்று வீடே பட்டிமன்றம் நடத்தும் கொடுமை மிச்சம்.

உங்களுக்குப் பதிலாக ஒரு பை போகும்

இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலரும் அவசரத்தில் ஒரு லுங்கியும் துண்டும் சோப்பும் திணித்துக் கொடுத்துவிடுகிறார்கள். போன் சார்ஜரோடு நீளமான வயர் வேண்டும், கட்டிலுக்கும் ப்ளக்குக்கும் எப்போதும் தூரம் இருக்கும். கண்ணாடி, காது மெஷின், பல்செட், பல்செட்டுக்கு மூடி போட்ட டப்பா. ஸ்ட்ரா வைத்த தண்ணீர் பாட்டில், படுத்தபடி குடிக்க அதுதான் வசதி. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதுங்கள். அந்தப் பெயரை எழுதும் நேரமே உங்களுக்கு மருந்து, செய்துபார்த்தால் தெரியும்.

மேலே ஒரு அட்டை வையுங்கள், நர்ஸ் படிப்பதற்கு. ‘இடது காது கேட்காது, வலது பக்கம் நின்று பேசவும். இவரை எல்லாரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். சர்க்கரை உண்டு. மனது சரியில்லை என்றால் சாப்பிட மறுப்பார், காபி என்றால் எழுந்து உட்காருவார்.’ உள்ளே எல்லாரும் தலைமுதல் கால்வரை ஒரே வெள்ளை உடையில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் படுத்திருப்பவர்கள் எல்லாரும் படுக்கை எண்கள்தான். அந்த நான்கு வரியில் அப்பா அப்பாவாகிவிடுவார்.

கண்ணாடியும் காது மெஷினும் ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். ஐசியூவில் பகலா இரவா என்று தெரியாது, தூக்கம் இல்லை, ஆக்சிஜன் குறைவு, காய்ச்சல், மருந்துகள், இத்தனையும் சேர்ந்து வயதானவர்களுக்குப் புத்தி தடுமாறுவது சகஜம். ‘என்னைக் கட்டிப்போட்டு அடிக்கிறாங்க, வந்து கூட்டிட்டுப் போடா’ என்று போனில் அழுவார்கள். கேட்கிற பிள்ளைக்கு ஈரக்குலையே நடுங்கும். வாதம் செய்யாமல், ‘அப்பா, நான் பேசறேன், இது ஆஸ்பத்திரி, இன்னிக்கு வியாழக்கிழமை, அம்மா பக்கத்துல இருக்காங்க’ என்று மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், பிறகு நர்ஸிடம் நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். குழப்பம் என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும், நிஜமாகவே ஏதாவது குறை இருந்தால் அதுவும் தெரிய வேண்டும். உடம்பு தேறத் தேற இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் விலகிவிடும்.

மருந்தைத் தேடி ஓடுவது

கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலிலும், அப்புறம் நேரு ஸ்டேடியத்திலும் வைரஸுக்கு எதிரான ரெம்டெசிவிர் ஊசிக்காக மே வெயிலில் நின்ற கூட்டம் ஞாபகம் இருக்கும். மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது (பிந்தைய ஆண்டுகளில் பரிந்துரை மாறியது, அது வேறு கதை). ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களின் சாவைக் குறைக்கும் என்று 2020 ஜூனிலேயே பிரிட்டன் ஆய்வில் தெரியவந்த டெக்சாமெத்தசோனோ எங்கும் கிடைக்கிற விலை மலிவான பழைய ஸ்டீராய்டு, அதற்காக யாரும் ராத்திரி பகலாக நிற்க வேண்டியிருக்கவில்லை. வரிசையின் நீளத்துக்கும் மருந்தின் பலனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நின்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார முடியாதவனுக்கு வரிசையில் நிற்பதாவது ஒரு வேலை. மருந்துச் சீட்டு கையில் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இது கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க டாக்டர்?’ ‘இருக்கிறதை வைத்துப் பார்ப்போம்’ என்று அவர் இயல்பாகச் சொன்னால், கள்ளச்சந்தையில் நகையை விற்று வாங்க வேண்டிய மருந்து அது இல்லை. பிற்பாடு ‘நான் அலையாததால்தானே’ என்ற குத்தலும் இருக்காது.

பணக் கவலையையும் ஒரே ஆளிடம், பகல் நேரத்தில் ஒப்படைத்துவிடுங்கள். 2021-இல் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனை கொரோனா சிகிச்சையையும் சேர்த்து உத்தரவு வந்தது, அட்டை வைத்திருந்தும் பில் கட்டிய பிறகே இதைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு.

‘யாரால வந்துச்சு?’

கல்யாணத்துக்குப் போனதாலா, ரேஷன் கடை வரிசையாலா, ஆபீஸ் போய்வரும் பையனாலா. இந்த விசாரணையை வீட்டில் ஆரம்பிக்கவே விடாதீர்கள். அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாட்களிலேயே பரவும் வைரஸ் அது, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று உட்கார்ந்து கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடித்தால் படுத்தவர் எழுந்துவிடப் போவதும் இல்லை. வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று மட்டும் பாருங்கள், தன்னால்தான் என்று அவர் முடிவே கட்டியிருப்பார். அவரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள், ஏதாவது ஒரு பொறுப்பைக் கையில் கொடுங்கள்.

பாட்டியிடமும் குழந்தைகளிடமும் மறைப்பது வீண்வேலை. எல்லாரும் மாறி மாறி மொட்டைமாடிக்குப் போய்ப் போன் பேசினால் பாட்டிக்குத் தெரியாதா? ‘அப்பாவுக்கு மூச்சு விடக் கஷ்டமா இருக்கு, மெஷின் வைத்து உதவி செய்றாங்க, நாளைக்கு டாக்டர் சொல்றதை உன்கிட்டயும் சொல்றேன்’ என்றால் போதும். சொன்னபடி நாளைக்குச் சொல்லவும் வேண்டும்.

வீடியோ கால் வந்தால் கேள்வி கேட்காதீர்கள், மாஸ்க் போட்டவரால் பதில் சொல்ல முடியாது, முயன்றால் இருமல்தான் மிஞ்சும். நீங்கள் பேசுங்கள். முருங்கை பூத்திருக்கிறது, கரண்ட் பில் கட்டியாயிற்று, பேத்தி ஆன்லைன் வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கினாள், இப்படி. வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருந்தாலும் போனைக் காதருகே வைக்கச் சொல்லிப் பேசலாம், கேட்குமோ கேட்காதோ, சொல்ல நினைத்ததைச் சொன்னோம் என்பது உங்களுக்கு மிஞ்சும்.

உங்கள் சாப்பாடு, தூக்கம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி போனை எடுக்கும் பொறுப்பை இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள், முறை இல்லாதவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கட்டும். பக்கத்து வீட்டார் கேட்டில் சாப்பாடு மாட்டிவிட்டுப் போனால் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட செய்தி வந்துவிட்டால்

இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். குளிப்பாட்டவும் இல்லை, வாய்க்கரிசி இல்லை, சுற்றி நிற்க ஆளில்லை, மூட்டைகட்டித் தந்ததை நான்கைந்து பேர் தூரத்தில் நின்று பார்த்ததோடு எல்லாம் முடிந்தது என்பதுதான் அன்று பல வீடுகளில் நடந்தது. முகம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்றால் ஒரு புகைப்படமாவது கேளுங்கள், இப்போது பார்க்கத் தெம்பில்லை என்றால் தங்கையின் போனில் இருக்கட்டும். விட்டுப்போன சடங்கைப் பிறகு ஒரு தேதி வைத்து, சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டு, சாப்பாடு போட்டுச் செய்யுங்கள். ஆறு மாதம் ஆனாலும், வருஷத் திவசத்தோடு சேர்த்துச் செய்தாலும் தப்பில்லை. நாலு பேர் நடுவில் உட்கார்ந்து அழாத துக்கம் உள்ளேயே கிடந்து புளிக்கும்.

வீடு திரும்பினால்

திரும்பி வந்தவர் பழைய ஆளாக இருக்கமாட்டார். பாத்ரூம்வரை நடந்தால் மூச்சிரைக்கும், சாம்பாரில் உப்பில்லை என்று எரிந்து விழுவார், ராத்திரி திடுக்கிட்டு எழுவார். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதைவிட வீட்டார் எதிர்பார்க்காதது, இத்தனை நாள் பம்பரமாகச் சுற்றிய ஆள், எல்லாம் சரியான பிறகு ஒரு நாள் காரணமே இல்லாமல் உட்கார்ந்து அழுவது. தூக்கம் வாரக்கணக்கில் வராமல் போனாலோ, ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு உடம்பு நடுங்குவது நிற்காவிட்டாலோ, இனி இருந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை தலைகாட்டினால்கூட அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்கோ 14416-க்கோ கூப்பிடுங்கள். இரண்டாவது எண் 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண், கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். ‘எனக்கு ஒண்ணும் இல்ல, அவருக்குத்தான் உடம்பு சரியில்லாம இருந்தது’ என்று அந்த ஆள் சொல்வார், வீட்டில் வேறு யாராவது எண்ணை அழுத்திக் கையில் கொடுங்கள்.