பொதுமக்களுக்குத் தற்கொலைத் தடுப்புப் பயிற்சி அளிப்பது எப்படி?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் உயிரிழக்கிறார்கள். அவர்களுள் பலர் மனநல மருத்துவரின் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் ஆசிரியர், முடிதிருத்துபவர், மருந்துக்கடைக்காரர், சக ஊழியர் என யாரோ ஒருவரிடம் தங்கள் தவிப்பைக் குறிப்பாகவேனும் வெளிப்படுத்தியிருக்கக்கூடும். அந்த ஒருவரைத் தயார்ப்படுத்துவதே இப்பயிற்சியின் வேலை. அவரை அரைகுறை மருத்துவராக்குவது அன்று.

ஆகவே, மக்கள் ஏற்கெனவே மனம்விட்டுப் பேசுகிறவர்களை முதலில் அழையுங்கள். பயிற்றுநர்கள் இருவர் இருப்பது அவசியம். எந்தக் கூட்டத்திலும் தற்கொலையால் உறவை இழந்தவரோ அந்த எண்ணத்தோடு போராடுபவரோ இருக்கக்கூடும் என்பதால், பங்கேற்பாளர் ஒருவர் எழுந்து வெளியேறினால் பின்தொடர்ந்து சென்று பேச இரண்டாம் பயிற்றுநர் வேண்டும். யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து செல்லலாம் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். தற்கொலை முறைகளை விவரிப்பதும், படங்கள் காட்டுவதும், இறந்தவர்களின் கதைகளை உருக்கமாகச் சொல்வதும் கூடாது.

எச்சரிக்கை அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: சாவைப் பற்றிய பேச்சு, பிறருக்குச் சுமையாக இருப்பதாகப் புலம்பல், பிரியமான பொருள்களைக் கொடுத்துவிடுதல், திடீர் ஒதுக்கம், மதுப்பழக்கம் கூடுதல். பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை இதற்கே செலவழித்துவிடுவது பல பயிற்றுநர்களின் வழக்கம். அறிகுறியைக் கண்டபின் என்ன பேசுவது என்பதில்தான் மக்கள் தடுமாறுகிறார்கள் என்பதால், அந்த நேரத்தை ஒத்திகைக்கு ஒதுக்குவதே நல்லது.

பங்கேற்பாளர்களை இருவர் இருவராக எதிரெதிரே அமர்த்தி, “தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதா?” என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். முதல் சுற்றில் குரல் தாழும், சிலர் சிரித்து மழுப்புவார்கள், பெரும்பாலானோர் “தப்பா எதுவும் நினைக்கலையே?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி “இல்லை” என்ற பதிலைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. கேட்பவருக்கு நிம்மதி, தவிப்பவருக்குக் கதவடைப்பு. நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை என்பதை விளக்கி, தடுமாற்றமின்றிக் கேள்வி வரும்வரை மறுபடி மறுபடி கேட்கச் செய்யுங்கள்.

அடுத்த ஒத்திகை, “ஆம்” என்ற பதிலைத் தாங்குவது. “குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்” என்று அறிவுரை சொல்ல எல்லோருக்கும் நாக்கு துடிக்கும், அதை அடக்கிக்கொண்டு, “எவ்வளவு நாளாக இப்படித் தோன்றுகிறது?” என்று கேட்டுவிட்டு அமைதியாகச் செவிமடுக்கப் பழக்க வேண்டும். பிறகு, திட்டம் ஏதும் உண்டா, எப்போது, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். திட்டமும் பொருளும் இருந்தால் அவரைத் தனியே விடாமல், அந்தப் பொருளை அவரது கைக்கெட்டாத இடத்துக்கு அகற்றிவிட்டு, அவசர உதவியை அழைக்க வேண்டும். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து கொடுக்கக் கூடாது.

உடனடி ஆபத்து இல்லையெனில், ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தைப் பின்பற்றலாம். தன் நிலை மோசமாவதை உணர்த்தும் அறிகுறிகள், தானே செய்யக்கூடியவை, மனத்தைத் திசைதிருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கத்தக்கவர்கள், மருத்துவ உதவி, சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குதல் என்ற ஆறையும் தவிப்பவர் தம் சொற்களிலேயே எழுத, அருகிலிருந்து துணைசெய்வதுதான் முறை. இதை மனநலப் பணியாளர் ஒருவரோடு சேர்ந்து எழுதுவது இன்னும் நல்லது.

உதவி எண்களை அச்சிட்டுக் கொடுக்கும் முன், அவை ஒவ்வொன்றையும் நீங்களே அழைத்துப் பாருங்கள். எந்நேரம் இயங்குகிறது, எந்த மொழியில் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பவை தெரியாமல் ஓர் எண்ணைக் கொடுப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

ஒரே நாளில் பெற்ற திறன் மாதங்கள் செல்லச்செல்ல மங்கிவிடும். எனவே சான்றிதழ் கொடுக்கும்போதே மறுபயிற்சிக்கான தேதியையும் குறித்துக் கொடுங்கள்; அன்று புதுப்பாடம் எதுவும் வேண்டாம், அதே நேரடிக் கேள்வியை மீண்டும் ஒத்திகை பார்த்தால் போதும்.