தாய்லாந்தில் தங்கியிருக்கும்போதே சுற்றுலா அனுமதியையும் திருமண அடிப்படையிலான தங்கும் அனுமதியையும் நீட்டிப்பது எப்படி?

விசாவை நீட்டிப்பது என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும், தாய்லாந்துக் குடியேற்ற அலுவலகம் நீட்டித்துத் தருவது விசாவை அன்று. நாட்டுக்குள் நுழைந்தபோது பாஸ்போர்ட்டில் குத்தப்பட்ட முத்திரையில் உள்ள தங்கும் அனுமதியைத்தான். விசாவில் அச்சிட்ட தேதி, எந்த நாளுக்குள் நுழைய வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஜூன் 30 வரை செல்லுபடியாகும் சுற்றுலா விசாவுடன் ஒருவர் ஜூன் 20 அன்று வந்திறங்கினால், அவருக்கு 60 நாள் முத்திரை விழும். அதன்படி அவர் ஆகஸ்ட் 18 வரை தங்கலாம். விசா முடிந்துவிட்டதே என்று ஜூன் மாதக் கடைசியில் பதறுபவர்களும் உண்டு, முத்திரையைப் பாராமல் நாளைக் கோட்டைவிடுபவர்களும் உண்டு. ஆகவே முதலில் முத்திரைத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுலா அனுமதியை நீட்டிப்பது எளிய வேலை. டிஎம்.7 படிவம், 4×6 செ.மீ. புகைப்படம், பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசா, கடைசி நுழைவு முத்திரை ஆகியவற்றின் கையொப்பமிட்ட நகல்கள், 1,900 பாட் கட்டணம் ஆகியவற்றுடன், நீங்கள் தங்கியிருக்கும் மாகாணத்தின் குடியேற்ற அலுவலகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். பாங்காக்கில் அது சேங் வத்தனா அரசு வளாகத்தில் இருக்கிறது. வழக்கமாக 30 நாள் கிடைக்கும். இந்த நாட்கள் விண்ணப்பித்த தேதியிலிருந்து அல்லாமல், பழைய அனுமதி முடியும் தேதியிலிருந்தே கணக்கிடப்படுவதால், ஒரு வாரம் முன்னதாகப் போவதில் நட்டம் எதுவும் இல்லை. வீட்டு உரிமையாளர் உங்கள் தங்கலைக் குடியேற்ற அலுவலகத்தில் டிஎம்.30 படிவம் மூலம் பதிவு செய்திருக்கிறாரா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பலர் கவுன்ட்டரிலிருந்து திருப்பி அனுப்பப்படுவது இந்த ஒரு தாள் இல்லாததால்தான்.

தாய்லாந்துக் குடிமகன் அல்லது குடிமகளை மணந்தவர்களுக்கு வழி சற்று நீளமானது. சுற்றுலா அனுமதியில் இருப்பவர் நேரடியாக ஓராண்டு நீட்டிப்புக் கேட்க முடியாது, முதலில் டிஎம்.86 படிவத்தில், 2,000 பாட் கட்டணத்துடன், குடியேற்றம் சாராத ‘ஓ’ (Non-Immigrant O) விசா வகைக்கு மாற வேண்டும். விசா இல்லாமல் நுழைந்தவருக்கு அதே வேலையை டிஎம்.87 படிவம் செய்கிறது. கையில் குறைந்தது 15 நாள் அனுமதி மிச்சமிருக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும். இந்த மாற்றத்தால் கிடைக்கும் 90 நாள் அனுமதி முடியும் தறுவாயில்தான் ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஓராண்டு நீட்டிப்பில் அதிகம் இடறுவது பணக் கணக்குதான். தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவரின் பெயரில், தாய்லாந்து வங்கி ஒன்றில் 4,00,000 பாட், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு மாதமும் குறையாமல் கிடந்திருக்க வேண்டும். இல்லையெனில் மாதம் 40,000 பாட் வருமானத்துக்குச் சான்று வேண்டும். இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு 3,99,000 ஆக இறங்கியிருந்தாலும் இரண்டு மாதக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் என்பதால், அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தாய்லாந்து ஆணை மணந்த வெளிநாட்டு மனைவிக்கு இந்தப் பண நிபந்தனை இல்லை.

மற்ற ஆவணங்களில் திருமணப் பதிவேட்டின் நகலான கோர் ரோர் 2 முக்கியமானது. வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய நகல் போதாது. மாவட்ட அலுவலகத்தில் புதிதாக எடுத்ததைத்தான் கேட்பார்கள். திருமணம் இந்தியாவில் நடந்திருந்தால், அதைத் தாய்லாந்தில் பதிந்து கோர் ரோர் 22 என்ற பதிவுச் சான்றைப் பெற்றிருக்க வேண்டும். இத்தாள்களில் ஆண்டு பௌத்த முறையில் இருக்கும்: 2568 என்று கண்டால் 543-ஐக் கழித்து 2025 என்று படித்துக்கொள்ளுங்கள், படிவத்தில் நிரப்பும்போது குழப்பம் வராது. துணைவரின் அடையாள அட்டை, வீட்டுப் பதிவேடு ஆகியவற்றின் நகல்களில் அவரே கையொப்பமிட வேண்டும். அவர் உடன் வரவும் வேண்டும். இருவரும் வீட்டுக்குள் இருக்கும் படங்களோடு, வாசலில் வீட்டு எண் தெளிவாகத் தெரியும்படி நின்று எடுத்த படமும், வீட்டுக்கு வரும் வழியைக் காட்டும் வரைபடமும் தேவை. அந்த வரைபடம் வெறும் சடங்கு அன்று, அதிகாரிகள் அதை வைத்துக்கொண்டே வீடு தேடி வருவதுண்டு. விண்ணப்பித்த அன்றே ஓராண்டு முத்திரை விழாது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று 30 நாள் அளவில் ஓர் இடைக்கால முத்திரை விழும், அதில் குறித்த நாளில் மறுபடி போக வேண்டும்.

ஓராண்டு கிடைத்த பிறகு இரண்டு வேலைகள் மிச்சமிருக்கின்றன. தொடர்ந்து 90 நாள் நாட்டுக்குள் இருந்தால், டிஎம்.47 மூலம் முகவரியை அறிவிக்க வேண்டும். கெடு நாளுக்கு 15 நாள் முன்னிருந்து 7 நாள் பின்வரை இதற்கு அவகாசம் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால், புறப்படும் முன் மறுநுழைவு அனுமதி எடுத்தே ஆக வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். அது இல்லாமல் எல்லையைத் தாண்டினால், மாதக்கணக்கில் அலைந்து பெற்ற ஓராண்டு அனுமதி அந்த நிமிடமே ரத்தாகிவிடும். அலுவலகத்தில் எடுக்கத் தவறியவர்களுக்காக, பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் இதற்கான கவுன்ட்டர் இருக்கிறது.