சீரத்திலிருந்து கிளைக்கோபுரதங்களைப் பிரிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

சீரத்தில் உள்ள புரத வகைகளில் பெரும்பாலானவற்றில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும்; இவைதான் கிளைக்கோபுரதங்கள். டிரான்ஸ்ஃபெரின், ஹாப்டோகுளோபின், ஆன்டிபாடிகள் எல்லாம் அப்படித்தான். ஆனால் எடையில் பாதிக்கு மேல் இருக்கும் ஆல்புமினைக் கல்லீரல் சர்க்கரை சேர்க்காமலேயே அனுப்புகிறது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் பிரிக்கப் போகிறோம். அதற்கு உதவுவது கான்-ஏ (கான்கனாவாலின்-ஏ). ஜாக் பீன் என்ற அவரை இன விதையிலிருந்து ஜேம்ஸ் சம்னர் 1919-இல் பிரித்தெடுத்த புரதம் இது. மானோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும்.

படி 1: கையுறை போட்டுக்கொண்டு, உறைவுத் தடுப்பான் இல்லாத குழாயில் ரத்தம் எடுங்கள். 30 நிமிடம் உறையவிட்டு, 1500 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்பது சீரம். ஊதா மூடிக் குழாய் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியமும் மாங்கனீசும் இல்லாமல் கான்-ஏ எதையும் பற்றாது. சோதனை முழுக்க வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படி 2: பஃபர், அதாவது பிஎச் அளவு மாறாமல் காக்கும் கரைசல். 20 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.4, அரை மோலார் உப்பு, கால்சியம் குளோரைடும் மாங்கனீசு குளோரைடும் ஒவ்வொன்றும் 1 மில்லிமோலார். பாஸ்பேட் பஃபரில் கால்சியம் வீழ்படிவாகிவிடும் என்பதால் அதைத் தொடாதீர்கள்.

படி 3: சீரத்தைப் பஃபரில் ஐந்து மடங்காக நீர்த்து, வடிகட்டி, கான்-ஏ ஒட்டவைத்த சிறு மணிகள் நிரப்பிய குழாயில் மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் ஒட்ட வேண்டியதும் வழிந்துபோகும். உள்ளே போனதும் ஓட்டத்தை அரை மணி நேரம் நிறுத்திவைக்கலாம்.

படி 4: வெளிவரும் திரவத்தில் புரதம் எவ்வளவு என்று காட்டும் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அளவீடு பூஜ்யத்தை நெருங்கும்வரை பஃபரால் கழுவுங்கள்.

படி 5: இப்போது 0.3 மோலார் மெத்தில் மானோசைடு கலந்த பஃபரை விடுங்கள். இந்தச் சிறு சர்க்கரை கான்-ஏவின் பிடிக்குள் புகுந்துகொள்ள, புரதம் கழன்று வரும்.

படி 6: ஒட்டாமல் வழிந்த திரவம், படி 5-இல் கழன்று வந்த திரவம் இரண்டையும், புரதங்களை மின்சாரத்தால் அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். ஆல்புமினின் தடித்த பட்டை, 66 கிலோடால்டன் அருகே, வழிந்த திரவத்தில் இருக்க வேண்டும். பி.ஏ.எஸ். சாயம் போட்டால் சர்க்கரை உள்ள பட்டைகள் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

வழிந்த திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். ஆல்ஃபா-1 அமிலக் கிளைக்கோபுரதத்தின் எடையில் 45% வரை சர்க்கரைதான். இருந்தும் அதில் ஒரு பகுதி ஒட்டாமல் போய்விடும். கிளைகள் மூன்று, நான்கு என்று பெருகிய சங்கிலியைக் கான்-ஏவால் சரியாகப் பற்ற முடியாது, இரண்டு கிளை என்றால் பற்றும். கடும் அழற்சியின்போது இந்த இரண்டு கிளை வகையின் பங்கு கூடுகிறது. ஆகவே ஒட்டியது எவ்வளவு, வழிந்தது எவ்வளவு என்று இரண்டையும் அளந்து எழுதிவையுங்கள்.